'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு: ஃபிரேசல் வெர்ப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ராமேஸ்வரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர், பாம்பனிலிருந்து வரும் நர்ஸிங் மாணவி, கப்பல் வேலைக்கு இன்டர்வியூ தயார் செய்யும் விசைப்படகுக்காரர் மகன் என்று கலவையான கூட்டம். கீழக்கரையிலிருந்து துபாய் போயிருக்கும் ஒரு காக்கா (அந்த ஊரில் அண்ணனை இப்படிக் கூப்பிடுவார்கள்) வகுப்புக்கு வர முடியாததால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கேள்வி அனுப்புவார். வகுப்பு முடிந்து வண்டியை எடுக்கும்போதுதான் நல்ல கேள்விகள் வரும். அவற்றில் பாதிக்கு மேல் 'கெட் ஆஃப்', 'புட் ஆன்', 'கிவ் அப்' வகையறா. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஃபிரேசல் வெர்ப் என்றால் என்ன?

ஒரு சாதாரண வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'டவுன்' மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பது. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் மேலே கொடு அல்ல, கைவிடு. 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்': அவர் சிகரெட்டை விட்டுவிட்டார்.

எல்லாமே இப்படிப் புதிராக இருக்காது. 'சிட் டவுன்', 'கம் பேக்', 'கோ அவுட்' எல்லாம் பார்த்ததும் புரிந்துவிடும். தகராறு செய்வது 'கிவ் அப்' ஜாதிதான்.

தமிழில் இப்படி ஒன்று கிடையாதே, சார்? அதனால்தான் நமக்கு ஏற மாட்டேன் என்கிறதா?

இருக்கிறது. நாள் முழுக்கப் பேசுகிறோம், கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

தமிழ் கற்க வந்த ஒருவருக்கு 'தள்ளு', 'போடு' இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, 'கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். கல்யாணத்தை எங்கே தள்ளினார்கள், எதன் மேல் போட்டார்கள் என்று விழிப்பார். 'புட் ஆஃப்' கேட்டு நாம் விழிப்பதும் அதே விழிப்புதான். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு. இரண்டு மொழியிலும் 'போடு' இருக்கிறது பாருங்கள்.

இன்னும் இருக்கிறது. 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். அங்கே 'லுக்', இங்கே 'பார்'. 'ஃபைண்ட் அவுட்' என்றால் கண்டுபிடி. 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடு. 'கிவ் அவே'க்கு ஒரு பொருள் காட்டிக்கொடு: 'ஹிஸ் ஆக்ஸென்ட் கேவ் ஹிம் அவே', அதாவது எந்த ஊர்க்காரர் என்று பேச்சே காட்டிக்கொடுத்துவிட்டது. விட்டுக்கொடுப்பதிலும் காட்டிக்கொடுப்பதிலும் எந்தப் பொருளையும் யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. ஆனாலும் 'கொடு' வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே வினையை இப்படி வளைத்து வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வித்தியாசம் ஒன்று உண்டு, அங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம். தமிழில் காலம் காட்டுவது கடைசிச் சொல்: தள்ளிப்போட்டார், தள்ளிப்போடுவார். இங்கிலீஷில் முதல் சொல் மாறும், குட்டிச் சொல் அசையாது: 'லுக் ஆஃப்டர்', 'லுக்டு ஆஃப்டர்', 'லுக்கிங் ஆஃப்டர்'. பழக்க தோஷத்தில் 'லுக் ஆஃப்டர்டு' என்று வாயில் வந்துவிடும். வகுப்பில் மாதம் ஒரு முறையாவது கேட்கிறேன். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, காலத்தைக் கடைசியில் வைத்துப் பழகிய நாக்கு அது.

'அப்' என்றால் மேலே. அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் வந்து நிற்கிறது?

நேரடிப் பொருளிலிருந்து தொடங்குவோம். 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதிய ரயில் பாலத்தில் கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. 'த மிடில் பார்ட் கோஸ் அப்'. 1914-இல் வந்த பழைய பாலத்தில் நடுவே இரண்டு இறக்கைகள் பிரிந்து திறந்தன, அதற்கு 'ஓப்பன் அப்' பொருத்தம். இதுவரை வம்பில்லை.

வம்பு இங்கே ஆரம்பிக்கிறது. 'த டாங்க் ட்ரைடு அப்': கண்மாய் வற்றிப்போனது. தண்ணீர் கீழே போயிருக்கிறது, சொல்லோ மேலே என்கிறது. இந்த 'அப்' திசையைச் சொல்லவில்லை, வேலை முழுசாக முடிந்துவிட்டது என்கிறது. தமிழில் 'விடு', 'போ' செய்யும் வேலை இது. வற்றியது வேறு, வற்றிப்போனது வேறு. சாப்பிட்டான் வேறு, சாப்பிட்டுவிட்டான் வேறு. 'ஈட் அப் யுவர் ரைஸ்' என்றால் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. 'வி யூஸ்டு அப் ஆல் தி ஐஸ்' என்றால் படகில் ஏற்றிய ஐஸ் அத்தனையும் காலி.

கருவாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. மீனைக் காயவைப்பது வெறும் 'ட்ரை'தான், 'வி ட்ரை ஃபிஷ் ஆன் த சாண்ட்'. அங்கே 'அப்' போட்டால் ஏதோ தவறி வறண்டு போனது மாதிரி ஒலிக்கும். கண்மாய்க்கு 'அப்' உண்டு, கருவாட்டுக்குக் கிடையாது.

இன்னொரு 'அப்' வந்து சேர்வதைச் சொல்லும். 'த மெர்ச்சன்ட் டிட் நாட் டர்ன் அப்': ஏலத்துக்கு வியாபாரி வந்து சேரவில்லை. கூடுவதைச் சொல்லும் 'அப்' வேறு: 'ஸ்பீக் அப்' என்றால் சத்தமாகப் பேசு. ஒரே சொல்லுக்கு நாலைந்து சாயல் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம்முடைய 'போடு'வை யாராவது வெளியூர்க்காரர் எண்ணத் தொடங்கினால் ஓடியே போய்விடுவார்.

காற்று, கடல், புயல் பற்றி இங்கிலீஷில் பேசும்போது எதெல்லாம் வரும்?

கப்பல் வேலைக்குப் போகும் தம்பி கேட்டது. இதற்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளும், நம் ஊர் சமாச்சாரம் என்பதால்.

காற்று கிளம்புவது, வலுப்பது 'பிக் அப்'. 'த விண்ட் இஸ் பிக்கிங் அப்'. காற்று அடங்குவது 'டை டவுன்'. 'த விண்ட் டைடு டவுன் பை ஈவ்னிங்'. நாம் காற்று விழுந்தது என்கிறோம், அவர்கள் செத்து இறங்கியது என்கிறார்கள், கருத்து ஒன்றுதான். புயல் பெரிய சேதம் செய்யாமல் கடந்து போவது 'ப்ளோ ஓவர்'. வீட்டுச் சண்டைக்கும் அதையே சொல்லலாம்: 'இட் வில் ப்ளோ ஓவர்', ரெண்டு நாளில் தணிந்துவிடும்.

'வாஷ் அவே', 'வாஷ் அப்' இரண்டையும் குழப்பக் கூடாது. கடல் அடித்துக்கொண்டு போனால் 'அவே'. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலை அலை அடித்துச் சென்றது. 'த ட்ரெயின் வாஸ் வாஷ்டு அவே'. கடல் கொண்டுவந்து கரையில் ஒதுக்கினால் 'அப்': 'எ டெட் டர்டில் வாஷ்டு அப் ஆன் த பீச்', இறந்த ஆமை கரை ஒதுங்கியது. பிரிட்டனில் ஒருவர் 'ஐ வில் வாஷ் அப்' என்றால் பயப்பட வேண்டாம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவப் போகிறார்.

புறப்படுவதற்கு 'செட் அவுட்', 'செட் ஆஃப்' இரண்டும் சரி. பாதியில் திரும்பினால் 'டர்ன் பேக்'. 'தே டர்ன்டு பேக் பிகாஸ் த ஸீ வாஸ் ரஃப்'. படகுத்துறையில் படகைக் கட்டுவது 'டை அப்', கட்டை அவிழ்த்துக் கிளம்புவது 'காஸ்ட் ஆஃப்'. வல்லம் என்னும் நாட்டுப்படகுக்குள் புகுந்த தண்ணீரை இறைப்பது 'பெய்ல் அவுட்'. கடனில் மூழ்கும் வங்கியை அரசாங்கம் காசு கொடுத்துக் கரையேற்றுவதற்கும் செய்தித்தாளில் இதையே போடுகிறார்கள். வல்லத்தில் நின்று தண்ணீர் இறைத்தவருக்கு இந்த இரண்டாவது பொருளை விளக்கவே தேவையில்லை.

எனக்குப் பிடித்தது 'லே அப்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மா நிற்கின்றன அல்லவா? 'த போட்ஸ் ஆர் லெய்ட் அப்'. காய்ச்சலில் படுத்துக் கிடப்பவருக்கும் அதேதான்: 'ஹி இஸ் லெய்ட் அப் வித் ஃபீவர்'. படகும் மனிதரும் ஒரே சொல்லில் படுத்திருக்கிறார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்குவது 'கெட் டவுன்' தானே? வெளிநாட்டுக்காரர் ஏன் ஒரு மாதிரி பார்க்கிறார்?

வேன் ஓட்டும் அண்ணனின் கேள்வி. இந்தியாவில் எல்லோரும் 'கெட் டவுன்' என்கிறோம், நமக்குள் புரியும். வெளியே பஸ்ஸுக்கு 'கெட் ஆஃப்'. திடீரென்று 'கெட் டவுன்!' என்று சத்தமாகச் சொன்னால் குனி, படு என்று சொல்வதாகவும் எடுத்துக்கொள்வார்கள். துப்பாக்கிச் சண்டை நடக்கும் சினிமாக்களில் அந்த அர்த்தத்தில்தான் கத்துவார்கள்.

எழுந்து நின்று நடக்க இடமிருக்கும் வண்டி என்றால் ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் இதில் வரும். குனிந்து உள்ளே போய் உட்காரும் வண்டி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. கார், ஆட்டோ அப்படி. வேன் இரண்டுக்கும் நடுவில். 'கெட் இன்', 'கெட் அவுட்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயணிகளைப் பார்த்து மொட்டையாக 'கெட் அவுட்' என்று சொல்லிவிடாதீர்கள், அது வெளியே போ என்று விரட்டுவது. 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' என்றால் இங்கே இறங்கிக்கொள்ளலாம் என்று மரியாதையாக ஒலிக்கும். காலைப் போட்டு மேலே உட்காரும் பைக், சைக்கிளுக்கு மறுபடி 'ஆன்', 'ஆஃப்'.

அதே கணக்கில், சின்ன வல்லத்தில் ஏறுவது 'கெட் இன்', பெரிய கப்பலில் ஏறுவது 'கெட் ஆன்'.

'புட் ஆன் இட்' தவறு, 'புட் இட் ஆன்' சரி என்றீர்கள். 'லுக் ஆஃப்டர் இட்' மட்டும் எப்படிச் சரி?

எல்லோரையும் சுற்ற வைக்கும் கேள்வி. இந்த வினைகளில் இரண்டு சாதி. ஒன்று பிரிந்து நடுவில் இடம் விடும், மற்றது விடாது.

லைஃப் ஜாக்கெட்டை வைத்துப் பார்ப்போம். 'புட் ஆன் த லைஃப் ஜாக்கெட்' சரி. 'புட் த லைஃப் ஜாக்கெட் ஆன்' அதுவும் சரி. பெயருக்குப் பதில் 'இட்', 'தெம்', 'ஹிம்' மாதிரி சொல் வந்தால் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'புட் இட் ஆன்'. இதில் விதிவிலக்கே கிடையாது, அதனால் நிம்மதியாக மனப்பாடம் செய்யலாம். 'கால் தெம் ஆஃப்', 'பிக் ஹிம் அப்', 'த்ரோ இட் அவே' எல்லாம் இந்தச் சாதி.

இரண்டாவது சாதி நடுவில் யாரையும் விடாது. 'லுக் ஆஃப்டர் த சைல்ட்', 'லுக் ஆஃப்டர் ஹர்'. 'லுக் ஹர் ஆஃப்டர்' என்று யாரும் சொல்வதில்லை.

எது எந்தச் சாதி என்று முகத்தில் எழுதியிருக்காதே என்று கேட்பீர்கள். ஓரளவு எழுதியிருக்கிறது. 'அப்', 'ஆஃப்', 'அவுட்', 'அவே', 'பேக்', 'டவுன்' வந்தால் பெரும்பாலும் பிரியும். 'ஆஃப்டர்', 'ஃபார்', 'இன்டு', 'வித்' வந்தால் பிரியாது. 'ஆன்', 'இன்', 'ஓவர்' இரண்டு பக்கமும் ஆடும்.

காதை நம்புகிறவர்களுக்கு வேறொரு வழி. 'லுக் இட் அப்' என்று சொல்லும்போது குரல் 'அப்' மேல் அழுந்தும். 'லுக் ஃபார் இட்' என்று சொல்லும்போது 'லுக்' மேல் அழுந்தி, 'ஃபார்' மெலிந்து 'ஃப' என்று தேயும். அழுத்தம் வாங்கும் குட்டிச் சொல் விலகி நிற்கும், தேயும் குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டே இருக்கும். வானொலிச் செய்தியில் ஒரு வாரம் இதை மட்டும் கவனித்துக் கேளுங்கள், பிடிபட்டுவிடும்.

பொருள் ரொம்ப நீளமாக இருந்தால் நடுவில் வைக்க வேண்டாம். 'புட் த ஆரஞ்ச் லைஃப் ஜாக்கெட் தட் இஸ் அண்டர் யுவர் சீட் ஆன்' என்று சொல்லி முடிப்பதற்குள் அலை வந்துவிடும்.

'கோப் அப் வித்' சரியா?

இல்லை. 'கோப் வித்' மட்டும்தான், 'அப்' வேண்டாம். 'கேட்ச் அப் வித்', 'புட் அப் வித்' எல்லாம் கேட்டுப் பழகி அந்த 'அப்' இங்கேயும் தொற்றிக்கொண்டிருக்கிறது.

'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். 'ஐ கேன் நாட் புட் அப் வித் த நாய்ஸ்'. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கைவசம் இருந்தது தீர்ந்துபோவது: 'வி ரேன் அவுட் ஆஃப் டீசல்'. இப்படி மூன்று சொல் சேர்ந்து வருபவை பெரும்பாலும் நடுவில் பிரியாது.

கடிதத்தில் எழுதும் 'லுக் ஃபார்வர்டு டு'வில் ஒரு பொறி இருக்கிறது. அதன் பின்னால் 'ஹியரிங்' வரும், 'ஹியர்' வராது. 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ'. 'டு'வைப் பார்த்ததும் கை தானாக 'ஹியர்' என்று எழுதும். இன்டர்வியூவுக்கு மெயில் அனுப்புகிறவர்கள் இதை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஃபோனில் 'கட் பண்ணிட்டான்' என்பதை எப்படிச் சொல்வது, தம்பி?

கீழக்கரைக் காக்கா துபாயிலிருந்து கேட்டது. வீட்டோடு பேசுவதே ஃபோனில்தான் என்றால் இந்தச் சொற்கள் தினமும் தேவைப்படும்.

தமிழில் நாம் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்: கட் பண்ணுவது வேறு, கட்டாகிவிடுவது வேறு. இங்கிலீஷிலும் வேறு வேறு சொல். வேண்டுமென்றே வைத்தால் 'ஹி ஹங் அப்'. சிக்னல் போய்த் துண்டித்தால் 'வி காட் கட் ஆஃப்'. 'ஹி கட் த கால்' என்றால் இந்தியருக்குப் புரியும், மற்றவர்கள் யோசிப்பார்கள். அந்தக் காலத்து ஃபோனில் ரிசீவரைக் கொக்கியில் தொங்கவிட்டுத்தான் முடித்தார்கள், அதனால்தான் 'ஹேங்'. கொக்கி போய்விட்டது, சொல் இருக்கிறது. 'ஹேங் ஆன்' என்றால் நேர் எதிர், வைத்துவிடாதே, கொஞ்சம் இரு. ஒரு 'அப்'பும் ஒரு 'ஆன்'னும் மாறினால் பேச்சே முடிந்துவிடும், கவனம். நம் 'ஃபோன் ஹேங் ஆயிடுச்சு' தனிக் கதை, இது எதற்கும் சம்பந்தமில்லை.

குரல் விட்டு விட்டுக் கேட்டால் 'யூ ஆர் ப்ரேக்கிங் அப்'. லைன் கிடைக்கவில்லை என்றால் 'ஐ குட் நாட் கெட் த்ரூ'. திருப்பிக் கூப்பிடுகிறேன் என்பது 'ஐ வில் கால் யூ பேக்'.

'கால் ஆஃப்', 'புட் ஆஃப்' இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை, மாற்றிச் சொன்னால் குடும்பத்தில் கலவரம். கல்யாணம் 'புட் ஆஃப்' என்றால் தேதி தள்ளிப்போயிருக்கிறது, மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸை மாற்றிக்கொள்ளலாம். 'கால்டு ஆஃப்' என்றால் சம்பந்தமே நின்றுபோயிருக்கிறது.

மீனவர்கள் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கினால் இங்கிலீஷ் பேப்பரில் 'கால்டு ஆஃப் த ஸ்ட்ரைக்' என்று வரும். 'கால்டு ஃபார் எ ஸ்ட்ரைக்' என்று வந்தால் அழைப்பு விடுத்திருக்கிறார்கள். ஒரு குட்டிச் சொல்லைக் கவனிக்காமல் படித்தால் செய்தி தலைகீழாகிவிடும்.

இன்டர்வியூவில் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்று சொல்லலாமா?

இந்தியக் கம்பெனியில் சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் முன்னால் வேண்டாம். அவருக்கு அது 2022-இல் மயங்கி விழுந்தேன் என்று கேட்கும். பிரிட்டனில் ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு 'பாஸ் அவுட்' உண்டு, நமக்கு வந்தது அந்த வழியாக இருக்கலாம். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022' என்றால் எங்கேயும் சிக்கலில்லை.

அதே 'பாஸ்' இன்னோர் இடத்தில் பணிவாக வரும். அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் வளர்ந்தார்: 'ஹி க்ரூ அப் இன் ராமேஸ்வரம்'. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் காலமானார்: 'ஹி பாஸ்டு அவே இன் ஷில்லாங்'. செத்தார் என்று சொல்லாமல் காலமானார் என்று சொல்கிறோமே, 'டை'க்கும் 'பாஸ் அவே'க்கும் அதே இடைவெளி. 'அவே'க்குப் பதில் 'அவுட்' போட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளி பேசுவது பாடப்புத்தகத்தில் இல்லையே, சார்?

நர்ஸிங் மாணவி கேட்டது. பாடப்புத்தகம் 'வாமிட்' என்று சொல்லிக்கொடுக்கும், நோயாளி 'ஐ த்ரூ அப்' என்பார். திருக்கை முள் குத்திய கால் வீங்கினால் 'ஸ்வெல் அப்'. ஊசி போட்ட மரத்தல் மெல்லப் போவது 'வேர் ஆஃப்'. மயக்கம் தெளிவது 'கம் ரவுண்ட்'. காய்ச்சலில் விழுவது 'கம் டவுன் வித் ஃபீவர்'. இந்த ஐந்தும் வந்தால் முதல் வாரம் ஓட்டிவிடலாம், மற்றதை வார்டே சொல்லிக்கொடுக்கும்.

மேக்கப், செட்டப், செக்கப், பிக்கப், பில்டப் எல்லாம் நாம் ஏற்கெனவே பேசுவதுதானே?

அத்தனையும் பெயர்ச்சொற்கள். வினையாக்கும்போது இரண்டாகப் பிரிந்து, அழுத்தமும் பின்னால் நகரும். 'மேக்கப்' என்னும்போது 'மேக்' அழுந்தும். 'ஹி மேட் அப் எ ஸ்டோரி' என்னும்போது 'அப்' அழுந்தும், பொருளும் கதை கட்டினான் என்று மாறிவிடும்.

சில சொற்கள் தமிழுக்கு வந்த பிறகு குணம் மாறிவிட்டன. 'எல்லாம் செட்டப்' என்றால் நமக்கு ஏமாற்று வேலை. இங்கிலீஷிலும் அந்தச் சாயல் உண்டு, ஆனால் 'ஷி செட் அப் எ ஷாப்' என்றால் கௌரவமாகக் கடை வைத்தார் என்றுதான். 'பில்டப் கொடுக்காதே' என்பதை 'பில்ட் அப்' வைத்துச் சொல்ல முயல வேண்டாம், 'டோன்ட் ஷோ ஆஃப்' நெருங்கி வரும்.

'ஃபில் அப்', 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்': ஃபாரத்துக்கு எது?

பிரிட்டனில் 'இன்', அமெரிக்காவில் 'அவுட்', நம் ஆபீஸ்களில் 'அப்'. டீசல் டாங்க்குக்கு எல்லா நாட்டிலும் 'அப்'.

'ரிடர்ன் பேக்'?

'ரிடர்ன்' போதும். அதற்குள்ளேயே 'பேக்' இருக்கிறது.

விண்ணப்பம், ஆபீஸ் கடிதத்தில் இவற்றைப் போடலாமா?

கொஞ்சமாக. நாம் ஒரு விஷயத்தைத் 'தள்ளிப்போச்சு' என்று வீட்டிலும், 'ஒத்திவைக்கப்பட்டுள்ளது' என்று நோட்டீஸிலும் சொல்வதில்லையா? அங்கேயும் அதே இரண்டு அடுக்கு. பேச்சில் 'புட் ஆஃப்', கடிதத்தில் 'போஸ்ட்போன்'. பேச்சில் 'புட் அப் வித்', எழுத்தில் 'டாலரேட்'. லத்தீன், பிரெஞ்சு வழி வந்த நீளச் சொற்களுக்கு மரியாதை கூடுதல்.

நம் சிக்கல் உல்டாவானது. பள்ளியில் முதலில் படிப்பது நோட்டீஸ் இங்கிலீஷ், அதனால் டீக்கடையிலும் 'எக்ஸ்டிங்குயிஷ் த ஃபயர்' என்கிறோம். அடுப்பை அணைக்க 'புட் அவுட்' போதும். இது நமக்கு மட்டும் வந்த தலைவலியும் இல்லை. 1755-இல் ஆங்கில அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே வெளிநாட்டவருக்குக் கடினமானது இந்தச் சேர்க்கைதான் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் கடிதச் சொல் தேட வேண்டியதில்லை. 'வேக் அப்', 'கெட் அப்', 'க்ரோ அப்' எங்கேயும் செல்லும். முதல் இரண்டும் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்: 'வேக் அப்' கண் விழிப்பது, 'கெட் அப்' பாயை விட்டு எழுந்திருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓடும்.

ஆயிரம் ஃபிரேசல் வெர்ப் பட்டியல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யட்டுமா?

வேண்டாம். பட்டியலில் 'கெட்' என்ற தலைப்பின் கீழ் முப்பது வரிசையாக இருக்கும். இரவு படித்தால் காலையில் 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் அவே' எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிய வலை மாதிரி கிடக்கும். வினையை வைத்துப் படிக்காமல் இடத்தை வைத்துப் படியுங்கள். இன்று பஸ், நாளை அடுப்படி, மறுநாள் ஃபோன். அந்த இடத்தில் நீங்கள் தமிழில் சொல்லும் ஐந்து வாக்கியங்களை எழுதி, 'விடு', 'போ', 'கொள்', 'போடு' எங்கெல்லாம் வருகிறது என்று கோடு போடுங்கள். கோடு விழுந்த இடங்களில் பல இங்கிலீஷில் ஒரு குட்டிச் சொல்லைக் கேட்கும்.

'போய்ட்டு வர்றேன்' என்பதற்கு என்ன சொல்வது?

கடைசியாக ஒரு அம்மா கேட்டது. மகன் கப்பலுக்குப் போனதிலிருந்து வீடியோ காலில் அவனுடைய நண்பர்களும் வந்து இங்கிலீஷில் பேசுகிறார்களாம்.

கிளம்புகிறேன் என்பது 'ஐ ஆம் ஆஃப்'. வழியனுப்புவது 'ஸீ ஆஃப்': 'ஐ வென்ட் டு த ஸ்டேஷன் டு ஸீ ஹிம் ஆஃப்'. நடுவில் 'ஹிம்' உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், முன்பு சொன்ன முதல் சாதி. ஆனால் 'ஐ ஆம் ஆஃப்' என்பதில் போவது மட்டும்தான் இருக்கிறது, வருவது இல்லை. கடலுக்குப் போகிற வீட்டில் 'போறேன்' என்று மொட்டையாக யாரும் சொல்வதில்லையே என்று அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது. 'ஐ ஆம் ஆஃப். ஐ வில் பி பேக் பை சிக்ஸ்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும்படி மகனிடம் சொல்லுங்கள்.